நொச்சிப்பேரியில் காது வளர்ந்த முயல்குட்டி

முயல்குட்டியின் இடது காது சண்முகக்கனி வீட்டு வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கிய அன்று வெள்ளிக்கிழமை, அதாவது நொச்சிப்பேரிக்குக் குழாயில் தண்ணீர் விடுகிற நாள், குடத்தோடு குடம் முட்டிக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு ஒரு முயலின் காது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கவெல்லாம் நேரமில்லை, ஆகையால் வழியில் கிடக்கிற கயிற்றைத் தாண்டுவதுபோலச் சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போனார்கள், நிறைகுடத்தோடு திரும்பி வருகையிலும் தாண்டினார்கள், மூன்றாம் நடைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பாப்பாத்திதான் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்று, "ஏட்டி கனி, ஒம் முயலு காது வெயில்ல கெடக்கு, எடுத்து உள்ள போடு, சுட்டுறப் போவுது" என்று சத்தம் கொடுத்தாள்.

கனி மடியிலிருந்த சொளவை, பீடி சுற்றுகிற முறத்தை, இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சொளவு நிறைய வெட்டிய பீடி இலையும் தூளும் கிடந்தன, அன்றைக்குச் சுற்ற வேண்டிய எண்ணூறில் முந்நூறுதான் முடிந்திருந்தது. காதைத் தொடுமுன் கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள், ஏனென்றால் புகையிலை வாசம் அந்தக் குட்டிக்கு ஆகாது. பிறகு காயப்போட்ட சேலையைச் சுருட்டுகிற மாதிரி வாசலிலிருந்து மெதுவாகச் சுருட்டிக்கொண்டே போய், மூலையில் இருந்த அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டிக்குள் தேங்காய்நார் மெத்தையில் குட்டி கண்ணை மூடிக் கிடந்தது. குட்டி ஒரு எலுமிச்சம்பழம் அளவு. காது ஒரு சுமை.

அது வந்து அப்போது பதினேழு நாள் ஆகியிருந்தது. கனியின் வீட்டுக்காரன் முத்துராஜ் ஆந்திராவில் முறுக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், ஆறு மாதத்துக்கு ஒருதரம் பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போவான், இந்தத் தடவை ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் பவிஷாவைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனவன், கூடைக்காரனிடம் அவள் கை நீட்டியதை அப்படியே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கண் திறந்து இரண்டு நாள்கூட ஆகாத குட்டி. கனி அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்ததுமே, "பால்குடி மறக்காததைக் கொண்டாந்திருக்கியளே, இன்னும் ஒரு மாசம் தாய்கிட்ட கெடக்க வேண்டியதுல்லா இது" என்றாள்.

"புள்ள கேட்டா, வாங்கிட்டேன். நீதான் எதையும் வளத்துருவியே."

"ஆமா, ஒங்கள வளக்கலயா" என்று கனி சிரித்தாள். முத்துராஜ் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்விட்டான், முயல்குட்டி இருந்துவிட்டது.

கனி சிரித்தே பிழைப்பை ஓட்டுகிறவள். பவிஷாவின் செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் நாரைப் பிரித்துப் போட்டாள், மேலே இலவம்பஞ்சு வைத்தாள், பாப்பாத்தியின் ஆட்டில் கறந்த பாலை வெதுவெதுப்பாக்கி, பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லரைக் கொதிநீரில் போட்டெடுத்து, அதில் உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள், தாய் முயல் நக்கிவிடுவதற்குப் பதிலாக நனைத்த துணியால் வயிற்றை நீவிவிட்டு மூத்திரம் போக வைத்தாள், ஒரு நாளைக்கு நாலு தடவை இதற்காகப் பீடியை விட்டு எழுந்து, நாலு தடவையும் புளி போட்டுக் கை கழுவினாள். நகமெல்லாம் வெளுத்துப்போயிற்று. குட்டி பில்லரின் நுனியைப் பிடித்து உறிஞ்சும்போது மூக்கு படபடவென்று அடிக்கும், அதைப் பார்த்தால் கை வலி தெரியாது. தூக்கும்போது காதைப் பிடிக்கக் கூடாது, கழுத்தையும் பின்னங்காலையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்று பவிஷாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பவிஷா பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் பாப்பாத்தி தன் சொளவைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கிற மகன் எட்டு மாதமாகப் போன் பேசாததை, மருமகள் எடுத்து 'அவிய தூங்குதாவ' என்று வைத்துவிடுவதை, பகல் பதினோரு மணிக்கு எந்த மகன் தூங்குவான் என்பதை, பீடி சுற்றிக்கொண்டே சொல்லிச் சொல்லி அழுதாள். பெட்டிக்குள் இருந்த குட்டி தலையைத் தூக்கிக் காதை அவள் பக்கம் திருப்பியது. மூன்று நாள் அவள் சொன்னாள், மூன்று நாளும் அது கேட்டது. நாலாம் நாள் காலையில் பார்த்தால் காது நாலு விரற்கடை நீண்டு பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"எக்கா, இங்க பாருங்க."

பாப்பாத்தி பார்த்தாள். "பெறகு? மூணு நாளா நான் அழுதத ஒண்ணு விடாமக் கேட்டிருக்கு. கேக்க கேக்க வளரத்தான செய்யும்." பிறகு இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூலைச் சுற்றியபடி, "எம் மவனுக்கு இப்படி ரெண்டு விரக்கடை வளந்திருந்தாக்கூட போதும்" என்றாள். அன்றைக்கு அவள் வீட்டில் மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். எட்டு மாதமாகச் சோறு இறங்காத தொண்டை.

இது போதாதா? குழாயடியில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள், பீடிக்கடையில் கட்டுகளைக் கொடுக்கப் போன இடத்தில் நாலு பேர் கேட்டார்கள், அடுத்த நாள் கல்யாணத் தரகனால் ஏமாந்த பொன்னுத்தாய் வந்தாள், அவளுக்குப் பின்னால் மாமியாரோடு மூன்று வருடமாக ஒரே அடுப்பில் தனித்தனிச் சோறு பொங்குகிறவள் வந்தாள், அந்த மாமியாரும் மருமகள் போகட்டும் என்று தெருமுனையில் காத்து நின்றுவிட்டு வந்தாள். சொன்னவர்களுக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது, தூக்கம் வந்தது, அதனால் சொல்லாதவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடத் தோன்றியது. எல்லாருக்கும் இருந்தது.

காது இரண்டும் வீட்டை விட்டு இறங்கின. இடது காது கீழத்தெரு வழியாகக் குழாயடி வரைக்கும், வலது காது மேலத்தெரு வழியாகப் பள்ளிக்கூடம் வரைக்கும், உள்பக்கம் இளஞ்சிவப்பாகவும் வெளிப்பக்கம் சாம்பல் ரோமத்தோடும், சாக்கடையில் விழாமல் தெருவோரமாக, யாரோ சொல்லிவைத்த மாதிரி ஒதுங்கியே வளர்ந்தன. தொட்டால் சூடாக இருக்கும், உள்ளே ரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரியும். ஆடுகள் அதை மிதிக்கவில்லை. கோழி மட்டும் ஒருதரம் கொத்தியது, அந்தக் கோழியை ஊர் சேர்ந்து குழம்பு வைத்துவிட்டது. காலை எட்டரை டவுன் பஸ் வந்தால் கண்டக்டர் இறங்கி, ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கிற இடத்தில் காதை இரண்டு கையாலும் மல்லிகைச் சரத்தைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பிடிப்பார், பஸ் மெதுவாக அடியில் போகும், போகும்போதே பஸ் ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். மழை வந்தால் அவரவர் வீட்டு முன்னால் கிடக்கிற பகுதிக்கு அவரவர் தார்ப்பாய் போட்டார்கள். நெல் காயப்போடுகிறவர்கள் காதுக்கு இடம் விட்டுக் காயப்போட்டார்கள். ஊர்த்தலைவர் சங்கரபாண்டி ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார், காலையில் பெண்கள், சாயங்காலம் ஆண்கள், மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வெளியூர்க்காரர் யாரானாலும் வரிசைக்குக் கடைசி. பிள்ளைகளுக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். பரீட்சை வாரத்தில் வலது காது ஒரே நாளில் ஒரு முழம் வளர்ந்தது.

கவலையெல்லாம் காதுக்குள் போனதில் நொச்சிப்பேரி தெளிந்துவிட்டது. வரப்புச் சண்டை நின்றது. இரண்டு தெருவுக்கும் காது ஆளுக்கொன்று இருந்ததால் அதிலும் போட்டி இல்லை. பெண்களுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. பாப்பாத்தி ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தாள்.

கனி மட்டும் ஒவ்வொரு நாள் காலையிலும் குட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் கனம் இருந்தது வர வரக் குறைந்து நெல்லிக்காய் கனத்துக்கு வந்துவிட்டது. குடிக்கிற பாலெல்லாம் காதுக்குப் போயிற்று. காதின் கனத்தில் தலையைத் தூக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்த்தே பால் குடித்தது, அதிலும் பாதி கடைவாயில் வழிந்தது. இந்நேரம் முன்பல் கூர்மையாகிப் புல்லைக் கடித்திருக்க வேண்டும், கடிக்கத் தெம்பில்லை. சொல்லிவிட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு வருவது மரியாதையில்லை என்று காரட் கொண்டுவந்தார்கள், முட்டைக்கோஸ் கொண்டுவந்தார்கள், ஒருவர் பலாச்சுளைகூடக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் நடக்க இடமில்லாமல் காரட் குவிந்து கிடந்தது, அதன் நடுவில் குட்டி பட்டினியில் மெலிந்துகொண்டிருந்தது. கனியும் பவிஷாவும் மூன்று வேளையும் காரட் தின்றார்கள்.

கனி செய்யாதது இல்லை. கதவைச் சாத்தினாள், காது கதவுக்கு அடியில் நுழைந்து போயிற்று. காது இரண்டையும் சுருட்டி நெல் அவிக்கிற அண்டாவுக்குள் வைத்து மூடினாள், வந்தவர்கள் மூடியைத் திறந்து அண்டாவுக்குள் தலையை விட்டுச் சொன்னார்கள், அண்டாவுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் முழங்கிக்கொண்டு வந்தது. பவிஷா சுவரில் சாக்பீஸால், 'இங்கே கவலை பேசக் கூடாது' என்று எழுதினாள். அதைப் படித்துவிட்டுப் பொன்னுத்தாய், "கவலையெல்லாம் பேசலட்டி, சும்மா ஒரு விசயந்தான் சொல்லுதேன்" என்று உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறவளை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? கனி போய்க் காபி போட்டாள்.

ஆடு பார்க்க வந்த மாட்டு டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் குட்டியின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், காதைத் தட்டிப் பார்த்தார், காதோடு தெருவில் கொஞ்ச தூரம் நடந்தும் பார்த்தார்.

"காது நல்ல ஆரோக்கியமா இருக்கும்மா. குட்டிதான் நோஞ்சான்."

"அத நிறுத்த மருந்து இருக்கா சார்?"

"கேக்குறத நிறுத்த மருந்து கெடையாது. பேசுறத நிறுத்துனா நிக்கும்."

நல்ல மனுஷன், சரியாகத்தான் சொன்னார் என்று கனி குடிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்த் திரும்பி வந்தால், டாக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காதின் ஓரத்தைக் கையில் எடுத்து வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, பெண்டாட்டி ஒரு ஜில்லாவிலும் தான் ஒரு ஜில்லாவிலுமாக நாலு வருடம் ஓடிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கனி தண்ணீர்ச் செம்போடு அவர் முடிக்கிற வரைக்கும் நின்றாள்.

கடைசியில் ஊர்க்கூட்டத்தில் போய்ச் சொல்வது என்று முடிவு செய்தாள். கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசுவது நொச்சிப்பேரியில் அபூர்வம், கனி குட்டியைப் பஞ்சோடு கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "பத்தே பத்து நாள். பத்து நாளைக்கு யாரும் எதுவும் சொல்லாம இருந்தியன்னா, பால் ஒடம்புல ஒட்டிரும், புல்லக் கடிக்க ஆரம்பிச்சிரும், பெறகு பொழச்சுக்கிடும். இல்லன்னா நாளு எண்ண வேண்டியதுதான்" என்றாள். அவள் கையில் கிடந்ததை ஊர் பார்த்தது. ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். சங்கரபாண்டி எழுந்து, "பத்து நாள் என்ன, ஒரு மாசம்கூட வாயத் தொறக்க மாட்டோம்மா, நாங்க மனுசங்கதான" என்றார். கனி அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

கூட்டம் கலைந்ததும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக, அடுத்தவருக்குத் தெரியாமல், காதுப் பக்கம் போனார்கள். 'முயலே, ஒனக்கு இப்படிப் பண்ணிட்டமே' என்று ஒருவர் சொன்னார். 'ஒன்னப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கல' என்று ஒருத்தி சொன்னாள். கீழத்தெரு முழுக்கச் சொல்லி முடித்து, மேலத்தெருவும் சொல்லி முடித்து, சங்கரபாண்டியும் சொல்லி முடித்தபோது, காது ஊர்க்கோடிக் குளமான பேரியின் கரை ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. சாயங்காலம் பால் ஊட்டப்போன கனிக்குக் குட்டி வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் நல்லவர்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இந்த நேரத்தில்தான் முப்பிடாதி அம்மன் கோவிலின் வருடத் திருவிழாவான கொடை வந்தது. கொடை என்றால் நையாண்டி மேளம் உண்டு, நாலு திசைக்கும் ரேடியோக் குழாய் கட்டுவது உண்டு, தீபாராதனைக்கு வேட்டுப் போடுவது உண்டு. முயல் சாதாரணமாகவே ஒரு பட்டாசுக்கு மூச்சை விட்டுவிடும். இதற்கு ஊர் முழுக்கக் காது. கனி இந்தத் தடவை யாரிடமும் போய்க் கேட்கவில்லை, கேட்டால் மறுபடி வருத்தப்படுவார்களே என்ற பயம். ஆனால் ஊராகவே கூடி, வேட்டு வேண்டாம், ரேடியோ வேண்டாம், மேளக்காரர்களை வரவழைத்துச் சாப்பாடு போட்டுச் சும்மா உட்கார வைப்போம் என்று முடிவு பண்ணியது. அதற்கு மேல் ஒரு படி போய், சாமியாடி இடுப்பில் கட்டுகிற சல்லடத்தில் உள்ள மணிக்கெல்லாம் பஞ்சு அடைத்தார்கள். பொங்கல் வைக்கிற பெண்கள் குலவை போடாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை உச்சிவேளைக் கொடை. அம்மனுக்கு ஆடுகிறவர் சைக்கிள் கடை வெயிலுமுத்து. இருபது வருடமாகக் கொட்டுச் சத்தத்தில்தான் அவருக்குக் கால் எழும்பும், அன்றைக்கு மஞ்சள் வேட்டியும் சல்லடமும் கட்டி, கையில் வேப்பங்குழை பிடித்து, துண்டு போர்த்திய மேளங்களுக்கு முன்னால் வெயிலில் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அருள் வராவிட்டால் என்ன செய்வது என்று சங்கரபாண்டி யோசிக்கத் தொடங்கியபோது முதலில் வேப்பங்குழை நடுங்கியது, பிறகு தோள் நடுங்கியது, அம்மன் சத்தமில்லாமல் வந்து நின்றாள்.

"கொட்டு எங்கடா மக்கா?"

"ஒரு முயல்குட்டி கெடக்கு தாயே. பயந்துரும்."

அம்மன் விபூதித் தட்டைக் கையில் எடுத்தாள். "சரி, கேளுங்க. ஒங்களுக்கு என்ன கொற?" என்றாள்.

மற்ற வருடமென்றால் இந்தச் சொல்லுக்காகவே காத்திருந்து நெருக்கியடித்துக் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வருவார்கள். இந்த வருடம் யாரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மன் விபூதித் தட்டோடு நின்றாள், வெயில் ஏறியது.

"பொன்னுத்தாயி, போன வருசம் ஒம் மவளுக்கு மாப்பிள அமையலன்னு கதறுனியே."

"அத... சொல்லிட்டேன் தாயே."

"யாருட்ட?"

பொன்னுத்தாய் தலையைக் குனிந்து கால்பக்கம் கிடந்த காதைப் பார்த்தாள். ஊரும் அதைப் பார்த்தது. அம்மனும் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, காதின் ஓரமாகவே நடக்க ஆரம்பித்தாள், குழாயடியைக் கடந்து, பஸ் நிற்கிற இடத்தைக் கடந்து, தார்ப்பாய்களைக் கடந்து நடந்தாள், பஞ்சடைத்த மணி ஒலிக்காமல் ஆடியது, ஊர் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

கனி கோவிலுக்குப் போகவில்லை. காலையில் வைத்த பாலைக் குட்டி தொடவில்லை, பில்லரின் நுனியை உதட்டில் வைத்து வைத்துப் பார்த்தாள், அது வழிந்து அவள் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. பவிஷா பக்கத்தில் உட்கார்ந்து பால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் கனி நிமிர்ந்தாள். மஞ்சள் வேட்டியோடு அம்மன் குனிந்து நிலைப்படியில் தலை இடிக்காமல் உள்ளே வந்து, காரட் குவியலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள்.

"இதுதானா?"

"ஆமா தாயே."

"இம்புட்டுக்காண்டு."

குட்டி, தெம்பில்லாத தலையை அரை விரற்கடை தூக்கி, காதை அவள் பக்கம் திருப்பியது. யார் வந்து உட்கார்ந்தாலும் அப்படித்தான் செய்யும். அம்மனின் முகம் என்னவோபோல் ஆயிற்று.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ஊரு சொல்லுததக் கேக்கதுக்கே எனக்கு நேரம் சரியாப் போச்சு. ஒனக்கு என்னன்னு ஒருத்தரும் கேட்டதில்ல." காதின் அடியைக் கையில் எடுத்தாள்.

கனி உள்ளங்கையால் அந்தக் காதுத் துவாரத்தை மூடினாள்.

"வேண்டாம் தாயே."

வாசலில் நின்ற கூட்டம் ஓரடி பின்னால் போயிற்று. "ஏ புள்ள, சாமிகிட்ட போயா வேண்டாம்ங்க?" என்று சங்கரபாண்டி வெளியேயிருந்து கிசுகிசுத்தார்.

கனி கையை எடுக்கவில்லை. "ஊரு சொன்னதையே இது தாங்கல. நீ சொன்னா இது இருக்காது. நெல்லிக்கா கனம்கூட இல்ல தாயே, தூக்கிப் பாரு."

அம்மன் தூக்கிப் பார்க்கவில்லை. "அப்போ நான் யாருட்டட்டி சொல்ல?"

கேட்டது சாமி கேட்ட மாதிரியே இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நிற்கிறவள் கேட்ட மாதிரி இருந்தது. விருந்தாளி வந்து உட்கார நாற்காலி இல்லையென்றால் கட்டிலைத் தட்டிவிட்டு இதில் உட்காருங்கள் என்று சொல்வோமே, அந்த மாதிரி, யோசிக்காமல், "எங்கிட்ட சொல்லு" என்றாள் கனி. சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அதற்குள் அம்மன் நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டாள். கனி முடியை ஒதுக்கிவிட்டுத் தலையைச் சாய்த்தாள்.

கோவிலில் அடுப்பில் இருந்த பொங்கல் பார்க்க ஆளில்லாமல் பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கிற நேரம் வரைக்கும் அம்மன் சொன்னாள். வெளியே நின்றவர்களுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. குட்டியின் காதை மூடியிருந்த கனியின் விரல்களைத்தான் அவர்களால் பார்க்க முடிந்தது, அவை முதலில் நடுங்கின, பிறகு நடுக்கம் நின்றுவிட்டது, நின்ற பிறகு பார்க்கத்தான் பயமாக இருந்தது. பிறகு வெயிலுமுத்து பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, கண்ணைத் திறந்து, சுற்றிலும் காரட்டைப் பார்த்து, "தண்ணி குடும்மா. நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல மாமா" என்றாள் கனி.

அன்றிலிருந்து ஊரில் யாரும் காதின் பக்கம் போகவில்லை. ஒழுங்கு போட்டு நிறுத்தியதல்ல, கனியின் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் தங்கள் கவலையைச் சொல்ல வாய் வரவில்லை. மாமியாரும் மருமகளும் மறுபடி தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். காது வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. கனி எப்போதும்போல எழுந்தாள், பாலைக் காய்ச்சினாள், பில்லரைக் கொதிநீரில் போட்டாள், குட்டி மறுபடி அதன் நுனியைப் பிடித்து உறிஞ்சத் தொடங்கியது. கனிக்குச் சிரிப்பு மட்டும் வரவில்லை. இலையில் தூளை வைத்துவிட்டுச் சுருட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். முத்துராஜ் போனில், "என்ன, கொரலு ஒரு மாதிரி இருக்கு?" என்றான். அவள் வாயைத் திறந்தாள். எண்ணெய்ச் சட்டி முன்னால் பகலெல்லாம் நின்று கைவெந்த மனிதனிடம் இதை எப்படிப் போடுவது என்று நினைத்து, "வெயில்ல அலைஞ்சேன், வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

பாப்பாத்தி வந்து நாடியைப் பிடித்துக் கெஞ்சினாள். "எங்கிட்ட சொல்லுட்டி. நான் ஒன் வீட்டுல வந்து எவ்வளவு கொட்டியிருக்கேன்."

"முடியாதுக்கா."

"அவ்வளவு பெருசா?"

கனி அவள் முகத்தைப் பார்த்தாள். பாப்பாத்திக்கு இப்போதுதான் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. தெருவில் போகிற வருகிற ஒவ்வொருவரையும் கனி அப்படித்தான் பார்த்தாள், இவள் தாங்குவாளா, இவர் தாங்குவாரா என்று. ஒருவரும் தாங்கமாட்டார்கள். ராத்திரி கண்ணை மூடினால் அது உள்ளே கிடந்து புரண்டது. சாமி எத்தனை வருடமாக வைத்திருந்ததோ, இவள் நாலு நாள் வைத்திருப்பதற்குள் கண் குழிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் குட்டி தானாகப் பெட்டியை விட்டு இறங்கியது. காது இரண்டையும் இழுத்துக்கொண்டு, இழுத்து இழுத்து நின்று, கனியின் மடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. நாலு நாள் பால் உடம்பில் ஒட்டியதில் தலையை நிமிர்த்த முடிந்தது. நிமிர்த்தி, காதின் அடியை எழுப்பி, அவள் வாய்க்கு நேராகத் திருப்பியது. பேரிக்கரையைத் தாண்டிப் போகிற காது, எவ்வளவு பெரியதானாலும் கொள்ளும். இந்த ஊரில் எல்லாரும் சொல்லியாகிவிட்டது, நீ ஒருத்திதான் பாக்கி என்பதுபோல அது பார்த்தது. ஒரே ஒரு தடவை, பாதியைச் சொன்னால்கூடப் போதும், இன்றைக்குத் தூங்கிவிடலாம். கனியின் வாய் தானாகத் திறந்தது, முதல் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அம்மா" என்றாள் பவிஷா. ஈர அருகம்புல்லைக் கையில் பிடித்தபடி கொல்லைக் கதவில் நின்றாள்.

கனி வாயை மூடினாள். மூடுவதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. கையை நீட்டி ஒரு தளிரை வாங்கி, குட்டியின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அது புல்லைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கை வலித்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து கழுத்துக்குள் போயிற்று, ஒரு முனகல்கூட வெளியே வராமல் உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்துவிட்டு, கேட்க ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, குட்டி மூக்கை நீட்டிப் புல்லின் நுனியை முகர்ந்து, ஒரு கடி கடித்தது. மென்றது. இன்னொரு கடி.

காதை மட்டும் தாழ்த்தவில்லை. கனி அடுத்த புல்லை எடுத்தாள்.